ஹார்மோன் மாத்திரைக்குப் பக்கத்தில் இன்னொன்று

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தில் பெயர் போடவில்லை, பதிலைப் பத்திரிகையிலேயே எழுதச் சொல்லியிருக்கிறாய். நல்லதுதான், உன்னைப் போல இன்னும் நாலு பேர் படிக்கட்டும்.

ஹார்மோன் எடுக்கும் திருநங்கையான நீ, எச்.ஐ.வி. வராமல் காக்கும் ப்ரெப் மாத்திரையைப் பத்து நாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டாய். காரணம் ஒரு வரி: “பாடுபட்டு வந்த மார்பு இதனால் போயிடுமோன்னு பயம்.” மாத்திரை கொடுத்தவரிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருந்ததாம்.

கூச்சம் உன் தப்பில்லை. அவரல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்?

பெரு, பிரேசில், தாய்லாந்து உட்பட ஆறு நாடுகளில் 2,499 பேரிடம் நடந்த ஐப்ரெக்ஸ் ஆய்வுதான், இந்த மாத்திரை எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று 2010இல் காட்டியது. அதில் திருநங்கைகளும் இருந்தார்கள். ஆனால் ஆண்களோடு சேர்த்தே எண்ணப்பட்டார்கள். 2015இல்தான் அந்த 339 பேரின் கணக்கைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் 11 பேருக்குத் தொற்று, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 10 பேருக்கு. பார்த்தால் மருந்துக்கு மதிப்பே இல்லை என்றுதானே தோன்றும்?

ஆனால் அந்த 11 பேரில் ஒருவரது ரத்தத்திலும், தொற்று தெரியவந்த நேரத்தில், மருந்து இல்லை. வாரத்துக்கு நாலு மாத்திரையாவது போட்டதாக ரத்தம் சொன்ன திருநங்கை ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. ஹார்மோன் எடுத்தவர்களின் ரத்தத்தில்தான் மருந்து இன்னும் அரிதாக இருந்தது. உன் ஒரு வரியைப் படித்தபோது எனக்கு அந்தக் கணக்குதான் நினைவுக்கு வந்தது. பெருவின் லிமாவிலும் யாரோ ஒருத்தி இதே பயத்தில் டப்பாவை மூடி வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

பயத்துக்குப் பதிலும் கிடைத்துவிட்டது. பாங்காக்கில் 20 திருநங்கைகளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹார்மோன் அளவு குறையவில்லை. ப்ரெப் மருந்தின் அளவுதான் கொஞ்சம் இறங்கியது. அதனால்தான் ஹார்மோன் எடுப்பவர்கள் தினமும் போட வேண்டும் என்கிறார்கள். உறவுக்கு முன்னும் பின்னும் மட்டும் போடும் முறை உனக்கு வேண்டாம். தொடங்கி ஏழு நாள் விடாமல் போட்ட பிறகே முழுக்காவல்.

அடுத்து, நீ எழுதியிருக்கும் அந்த மாத்திரை டப்பா. ஒரே அறையில் ஆறு பேர், டப்பாவை எடுத்தாலே கலகலவென்று சத்தம், “அவளுக்கு வந்துடுச்சு போல” என்று பேச்சு. எச்.ஐ.வி. உள்ளவர்களின் சிகிச்சையிலும் இதே மருந்து இருப்பதால் சந்தேகம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்துப் பார், சத்தம் அடங்கும். குருவிடம் சொல்ல முடியுமானால் சொல்லிவிடு. திருநங்கையர் ஜமாத்தில் ஒரு பெரியவர் வாய் திறந்தால் பாதிப் பேச்சு நின்றுவிடும். ஹார்மோன் மாத்திரையை நீ ஒருநாளும் மறப்பதில்லை என்று எழுதியிருக்கிறாய். (எனக்குச் சர்க்கரை மாத்திரையே வாரத்தில் இரண்டு நாள் மறக்கிறது!) அதோடு சேர்த்தே இதையும் போட்டுவிடு.

மறுபடி தொடங்குமுன் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம். இடையில் தொற்று வந்திருந்தால் இந்த மாத்திரை மட்டும் போதாது. சிறுநீரகத்தையும் மஞ்சள் காமாலை பி-யையும் பார்க்கச் சொல். பி இருப்பவர்கள் திடீரென நிறுத்தினால் ஈரல் கெடக்கூடும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதனை. மேகநோய்க்கு இந்த மாத்திரை காவல் இல்லை, ஆகவே ஆணுறை தொடரட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் எச்.ஐ.வி. தடுப்பு ஊசியை அமெரிக்காவில் 2025இல் அனுமதித்துவிட்டார்கள். அது உன் கைக்கு வரும்வரை மாத்திரைதான்.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்குப் போகும்போது, கடையில் நீயே வாங்கிப் போடும் ஹார்மோனின் அட்டையையும் எடுத்துப் போ. கேட்கத் தயங்கினால் அட்டையை மேசையில் வைத்துவிடு, அதுவே கேட்கும். நேரில் போக மனமில்லாத நாளில் 1097க்கு அழை. கட்டணம் கிடையாது, பெயரும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உன் அக்கா