ஊறுகாய் யாருடையது?

ஒரு வீட்டில் மூன்று மருமகள்கள். எலுமிச்சை ஊறுகாய் போட மாமியார்தான் கற்றுக் கொடுத்தார். வெந்தயத்தை வறுத்துப் பொடித்துப் போட்டது மூத்த மருமகள். உப்புக் கணக்கைச் சரி செய்தது நடு மருமகள். தினமும் ஜாடியை வெயிலில் வைத்து எடுத்தது கடைசி மருமகள்.

வீட்டில் ஒரு விசேஷம். வந்தவர்கள் ஊறுகாயைப் புகழ்ந்தார்கள். "நான் போட்டது. என் கைப்பக்குவம்" என்றாள் கடைசி மருமகள். மற்ற இருவரும் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

இது சின்ன விஷயம் என்று ஆண்கள் சிரிப்பார்கள். ஆனால் நாளெல்லாம் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு வேறு என்ன கூலி கிடைக்கிறது? அந்த ஒரு பாராட்டுதானே!

ஆண்களும் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். பட்டர் சிக்கன் என்று ஒரு கோழிக் குழம்பு. சுட்ட கோழியைத் தக்காளி, வெண்ணெய், பாலேடு சேர்த்த குழம்பில் போடுவார்கள். 1947இல் நாடு பிரிந்தது. பெஷாவரிலிருந்து குந்தன் லால் குஜ்ரால், குந்தன் லால் ஜக்கி என்ற இருவர் டெல்லிக்கு வந்தார்கள். இருவருக்கும் ஒரே பெயர்! தரியாகஞ்ச் என்ற இடத்தில் மோத்தி மஹால் என்ற உணவு விடுதியில் கூட்டாளிகளாக இருந்தார்கள். இருவரும் இப்போது உயிரோடு இல்லை. அந்தக் குழம்பை முதலில் செய்தது யார்? "எங்கள் தாத்தா" என்கிறது ஒரு குடும்பம். "இல்லை, எங்கள் தாத்தா" என்கிறது மற்றது. 2024இல் இது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்காக வந்தது. மனு மட்டும் 2,752 பக்கம். அன்றே இருவரும் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தப் பாடு வந்திருக்குமா?

சரி, நம் வீட்டுக்கு வருவோம். விருந்தாளிகள் முன்னால் சண்டை வேண்டாம். மறுநாள் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். "தங்கச்சி, ஊறுகாயை எல்லோரும் புகழ்ந்தாங்க. எனக்கும் பெருமைதான். அத்தை பேரையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" இப்படிக் கேட்டால் போதும். பல பேர் வேண்டுமென்று செய்வதில்லை. புகழ்ச்சியில் மறந்து விடுகிறார்கள். அடுத்த முறையும் அப்படியே சொன்னால், அங்கேயே சிரித்துக் கொண்டு, "உப்புக் கணக்கு நடு அக்காவோடது" என்று சேர்த்துச் சொல்லுங்கள். அவளுடைய உழைப்பையும் விட்டு விடாதீர்கள். வெயிலில் நின்றது அவள்தானே.

ஊறுகாயை விற்கப் போகிறீர்களா? அப்போது இன்னும் கவனம் வேண்டும். ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் சமைப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் தடுக்காது. ஆனால் விற்கும் பெயரை வணிகக் குறியாகப் பதிவு செய்யலாம். பதிவு யார் பேரில்? லாபத்தில் யாருக்கு எவ்வளவு? முதல் பாட்டில் விற்கும் முன்பே கேளுங்கள். எழுதி வாங்குங்கள்.

இப்போதுதான் எழுதப் படித்துவிட்டோமே! வீட்டு நோட்டில் இப்படி எழுதலாம்:

எலுமிச்சை ஊறுகாய். பழம் 25.
சொல்லிக் கொடுத்தது: அத்தை.
கல் உப்பு 1 ஆழாக்கு: நடு அக்கா கணக்கு.
வறுத்த வெந்தயப் பொடி 2 கரண்டி: பெரிய அக்கா சேர்த்தது.
வெயிலில் 10 நாள் வைத்தது: தங்கச்சி.