பூனையும் நாயும் கூரையிலிருந்து விழவில்லை

பென்னலூரில் பொறியியல் பயின்று, அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உத்தியோகம் தேடும் இளைஞர்களிடையே ஆங்கில மரபுத்தொடர்களைப் பற்றி நிலவும் நம்பிக்கைகளுள் முதன்மையானது, நேர்முகத் தேர்வுக்கு முன் அத்தகைய தொடர்கள் நூறையேனும் நெட்டுருப் போட்டுவிட்டால் பாஷை வசப்பட்டுவிடும் என்பது.

உண்மை வேறு. 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரித்துவரும் ஹூண்டாய் கொரிய நாட்டு நிறுவனம். 2010-இல் ஒரகடத்தில் இயங்கத் தொடங்கிய ரெனோ-நிஸான் ஆலை பிரெஞ்சு, ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுறவில் எழுந்தது. இத்தகைய ஆலைகளில் மேலதிகாரியாக வருபவருக்கும் பெரும்பாலும் ஆங்கிலம் கற்றுக்கொண்ட பாஷையேயாதலால், அவரிடம் போய் அலங்காரத் தொடர்களை அடுக்குவது அவரைத் திகைக்க வைக்குமேயன்றி வேறு பிரயோஜனம் தராது. அங்கே அவசியமானவை அலங்காரமற்ற சிறு தொடர்களே. 'லைன் டவுன்' என்றால் உற்பத்தி நின்றுவிட்டது என்று பொருள்; போல்ட் 'ரன் அவுட்' ஆகிவிட்டது என்றால், கிரிக்கெட்டில் ஊறிய நம் பிள்ளைகள் எண்ணுவதுபோல் யாரும் ஆட்டமிழக்கவில்லை, சரக்குத்தான் தீர்ந்துவிட்டது!

இரண்டாவது நம்பிக்கை, ஒரு தொடரின் பிறப்புக் கதை தெரிந்தால் அதன் பொருள் விளங்கிவிடும் என்பது. பெருமழையைக் குறிக்கும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்ற தொடருக்கு, முற்காலத்து இங்கிலாந்தில் கூரைமேல் உறங்கிய பூனைகளும் நாய்களும் மழையில் வழுக்கி விழுந்தன என்றொரு கதை, 1999-ஆம் ஆண்டு வாக்கில் மின்னஞ்சலில் கிளம்பி உலகெங்கும் பரவிற்று. மழை வந்தால் பூனை கூரைக்குக் கீழே ஒதுங்குமா, மேலே போய்ப் படுக்குமா என்பதைக் கூரைவீட்டில் குடியிருந்த எவரும் சொல்லிவிடுவர். அத்தொடரின் மூலம் இன்றளவும் நிச்சயிக்கப்படவில்லை. ஆனால் 1738-இல் ஜோனதன் ஸ்விப்ட், உயர்குடியினரின் புளித்துப்போன சம்பாஷணைகளைப் பரிகசித்து வெளியிட்ட நூலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. அன்றே பழசாகிப்போன பேச்சை இன்று நேர்முகத் தேர்வுக்காக மனனம் செய்வதை என்னவென்பது! சான்றோர் ஒரு பொருளை எச்சொல்லால் எவ்வாறு சொன்னார்களோ அவ்வாறே சொல்லுதல் மரபு என்று வகுத்த நன்னூலார், காரணக் கதை எதையும் கேட்கவில்லை; வழக்கில், இடமும் சந்தர்ப்பமும் அறிந்து, பொருள் கொள்வதே இதற்கு மார்க்கம்.

கடைசியாக, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குத் தொடரின் பொருள் புரியாத சங்கடமே இல்லை, ஆகவே கூட்டத்தில் பொருள் கேட்பது நமக்கு அவமானம் என்ற நம்பிக்கை. ஆனால் அவர்களும் இதில் தடுமாறியதுண்டு. ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வதென்றால் பிரிட்டனில் அதை உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவிலோ ஒத்திவைப்பது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இவ்வொரு சொல்லின் பொருட்டு நெடுநேரம் கசப்புடன் வாதாடியதையும், இருதரப்பாரும் விரும்பியது ஒன்றே என்பது பிறகே தெரியவந்ததையும், சர்ச்சில் தம் யுத்த சரித்திரத்தில் எழுதிவைத்திருக்கிறார்.