எஞ்சின் எண்ணெயை நாமே மாற்றுவோம்

1920-இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் தம் பேருந்தை ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு, அதற்கு முன் ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியே எந்திரம் கற்றவர். அவர் பிறந்த மண்ணில் உள்ள நாம், பழைய அம்பாசிடர் காருக்கு எண்ணெய் மாற்றத் தயங்கலாமா?

எஞ்சினுள் உராய்வைக் குறைத்து, கரியையும் உலோகத் தூளையும் ஏந்திக்கொள்வது மசகு எண்ணெய். நாளடைவில் அது கறுத்துத் திறனிழக்கும்.

காரைச் சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி அழுக்கோடு இறங்கும். கொதிக்கும்போது திறந்தால் கை வெந்துவிடும். அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றிச் சட்டியில் வடியுங்கள். ஃபில்டரை மாற்றி, புது வாஷர் இட்டு முடுக்குங்கள். மரை தேயுமளவுக்கு வலிமை காட்ட வேண்டா. கையேடு கூறும் எண்ணெயை ஊற்றி, அளவுக் கம்பியின் மேல்கோட்டைத் தாண்டாமல் நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, அளவையும் கசிவையும் மீண்டும் பாருங்கள்.

முக்கிய பாடம் இனிதான். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டினால் அது நொய்யலுக்குப் போகும். மண்ணில் கொட்டினால் கிணற்றுக்கு இறங்கும். 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் அதை அபாயக் கழிவாகவே வைத்துள்ளன. கேனில் அடைத்து, பழைய எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுப்போம். வண்டியைக் காத்த கை, தண்ணீரைக் கெடுக்கலாகாது.