நீரையும் நிலத்தையும் காக்க ஓர் உயர்படிப்பு



மழை ஓய்ந்த ஒரு நாள், அறிவியல் வகுப்பில் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள். "மிஸ், பள்ளிக்கரணை வழியா பஸ்ஸில் வரும்போது பூநாரை பார்த்தேன். அந்த இடத்தைக் காப்பாத்துற வேலைக்குப் போகணும்னா டாக்டர் பட்டம் வரைக்கும் படிக்கணுமாமே! அதுக்கு எங்கே சேரணும்?" என்று கேட்டாள். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டத்திற்கு வந்த அவளுடைய தாயார், "அதெல்லாம் படிச்சு முடிக்க எத்தனை வருஷம் ஆகும் டீச்சர்? செலவை யார் தாங்குறது?" என்று கேட்டார். இரண்டு கேள்விகளுமே நியாயமானவை. இரண்டிற்கும் விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயற்கை வளம் எங்கே இருக்கிறது?

இயற்கை வளம் என்றவுடன் நமக்கு முதுமலையும் ஆனைமலையும் நினைவுக்கு வருகின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் தாம்பரத்தைச் சுற்றியுள்ள சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளைப் பாருங்கள். தென்சென்னைப் பகுதியில் ஓர் ஏரி நிரம்பினால் அதன் மிகுதி நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு பல ஏரிகளின் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். சதுப்பு நிலம் மழைநீரைத் தேக்கி, மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. நிலத்தடி நீரையும் பெருக்குகிறது.

முன்னாளில் சில ஆயிரம் ஹெக்டேர் பரப்பில் இருந்த அந்நிலத்தில் கட்டடங்களும் சாலைகளும் குப்பைமேடும் போக எஞ்சியது சிறு பகுதியே. 2007இல் அதன் ஒரு பகுதி வனத்துறையின் காப்பில் வந்தது. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நீர் போகும் வழி அடைபட்டால் என்ன நேரும் என்பதை 2015 டிசம்பரில் கண்கூடாகக் கண்டோம். அம்மாதம் முதல் தேதி தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூர்ப் பக்கம் வீடுகளின் உள்ளே வெள்ளம் புகுந்ததை உங்களில் பலருடைய பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். இயற்கை வளப் பாதுகாப்பு என்பது பறவைக்காக மட்டும் அன்று, நம் வீட்டு வாசலுக்காகவும்தான்.

டாக்டர் பட்டம் யாருக்கு வேண்டும்?

இத்துறையில் உழைக்கும் எல்லாருக்கும் டாக்டர் பட்டம் வேண்டும் என்பதில்லை. இந்திய வனப்பணி அதிகாரியாக வருவதற்குப் பட்டப்படிப்பும் மத்தியத் தேர்வாணையத்தின் தேர்வில் வெற்றியும் போதும். ஆனால் இதுவரை யாரும் விடை காணாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அளந்து, ஆராய்ந்து, விடையைச் சான்றுடன் நிலைநாட்ட விரும்புகிறவளுக்கு அப்பட்டம் இன்றியமையாதது. ஆகவே, "எந்தப் பல்கலைக்கழகம் பெரியது?" என்று தொடங்காமல், "என் கேள்வி என்ன?" என்று தொடங்க வேண்டும். தேர்ந்தெடுப்பதற்கு நான்கு படிகளைக் கூறலாம்.

முதற்படி: கேள்வி. "சுற்றுச்சூழலைக் காப்பது" என்பது ஆசை. அது ஆராய்ச்சிக் கேள்வி ஆகாது. "செம்பாக்கம் ஏரியில் ஆகாயத்தாமரை படர்ந்தால் அங்குள்ள மீன்களுக்கு என்ன ஆகிறது?" என்பது கேள்வி. நீரைப் பற்றியதா, காட்டைப் பற்றியதா, விலங்கைப் பற்றியதா, அல்லது அவற்றை நம்பி வாழும் மக்களைப் பற்றியதா என்று தெளிந்தால் வழி பாதி தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: நெறியாளர். ஐந்தாண்டுகள் உன்னை வழிநடத்தப் போகிறவர் அவரே. அவர் எழுதிய கட்டுரைகளில் இரண்டையாவது படித்துப் பார். அவரிடம் படித்த மாணவியரைச் சந்தித்து, எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது என்ன வேலை செய்கிறார்கள், குறித்த காலத்தில் அவர் திருத்திக் கொடுத்தாரா என்று விசாரி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறியாளராக இருக்கலாகாது. இடம் உண்டா என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை.

மூன்றாம் படி: நிறுவனம். கேள்விக்கு ஏற்ற இடத்தைத் தேட வேண்டும். காடு வளர்ப்புக்கு மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி உண்டு. பறவைகளுக்குக் கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் இருக்கிறது. இன்று அது டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் அங்கம். காட்டுயிர்ப் படிப்புக்கு மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரி பெயர் பெற்றது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் மையம் 1983 முதல் இயங்கி வருகிறது. அதே நகரில் உள்ள ஏட்ரீ நிறுவனம் இயற்கை அறிவியலையும் சமூக அறிவியலையும் சேர்த்துக் கற்பிக்கிறது. நீர்வளத்திற்குக் கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் உண்டு. நம் ஊரிலேயே, 1937இல் தாம்பரத்திற்கு இடம் மாறிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், புதர்க்காட்டின் நடுவே தாவரவியலும் விலங்கியலும் படிக்கலாம். பேரூரில் உள்ளது சிறந்தது, பக்கத்தில் உள்ளது தாழ்ந்தது என்று எண்ணலாகாது.

நான்காம் படி: பொருள். யூ.ஜி.சி. நெட் அல்லது சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறியவருக்கு, 2023 முதல் உள்ள விகிதப்படி, முதல் இரண்டாண்டுகள் மாதம் ரூ. 37,000உம், அதன்பின் ரூ. 42,000உம் உதவித்தொகை கிடைக்கிறது. உதவித்தொகை இல்லாத இடத்தில் சேருமுன் களப்பயணச் செலவு, கருவிகள், தங்கும் இடம் ஆகியவற்றிற்கு யார் பணம் தருவார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரு முன்மாதிரிகள்

தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் 1897இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தார். மேற்படிப்புக்கு அவர் சென்ற இடம் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம். ஆசியப் பெண்களுக்கென்றே அங்கு ஏற்படுத்தப்பட்டிருந்த பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. 1931இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் கோவையில் கரும்பை ஆராய்ந்தார், இங்கிலாந்தில் பணியாற்றினார், நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவைத் துறையைச் சீரமைத்தார். 1955இல் மனிதன் உலகின் முகத்தை எவ்வாறு மாற்றிவிட்டான் என்று ஆராய அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் கூடிய கருத்தரங்கில் அழைக்கப்பெற்ற ஒரே பெண் அவரே. முதுமையிலும் அமைதிப் பள்ளத்தாக்கைக் காக்கக் குரல் கொடுத்தார். இறுதிவரை ஆய்வை விடாமல், 1984இல் மதுரவாயலில் மறைந்தார். நாம் புறவழிச் சாலையில் கடந்து போகிறோமே, அதே மதுரவாயல்தான்!

மற்றொருவர் நம் காலத்தவர். ஜெயஸ்ரீ வெங்கடேசன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். கேர் எர்த் அறக்கட்டளையை நிறுவியவர்களில் ஒருவர். பள்ளிக்கரணையின் நீரையும் உயிர்களையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, அது வெறும் புறம்போக்கு அன்று என்பதைச் சான்றுகளுடன் எடுத்துரைத்தார். 2025இல் ஈரநிலங்களின் நல்ல பயன்பாட்டிற்கான ராம்சார் விருதைப் பெற்றார். ஒருவர் கடல் கடந்து சென்று கற்றார். ஒருவர் சென்னையிலேயே கற்றார். இருவரும் தம் பணிக்கு ஏற்ற கல்வியைப் பெற்றதே நாம் கவனிக்க வேண்டியது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் பட்டப்படிப்பு, முதுகலை, ஆராய்ச்சி என்று கூட்டினால் சுமார் பத்தாண்டுகள் ஆகும். நான்காண்டுப் பட்டப்படிப்பில் 75 விழுக்காடு பெற்றவர் முதுகலை இன்றியே ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஆராய்ச்சிக் காலம் குறைந்தது மூன்றாண்டு, பொதுவாக ஆறாண்டு வரை. பெண்களுக்கு மேலும் இரண்டாண்டு சலுகை உண்டு. மகப்பேற்றுக்காகவும் குழந்தை வளர்ப்புக்காகவும் 240 நாள் வரை விடுப்பும் உண்டு. ஆகவே, திருமணமா படிப்பா என்று இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டிய நிலை இல்லை. காட்டிலும் சதுப்பிலும் மகள் தனியே போவாளே என்ற உங்கள் கவலை இயற்கையானது. களத்திற்குத் துணையாக வருபவர் யார், இரவில் தங்குவது எங்கே என்று சேர்க்கைக்கு முன்பே நிறுவனத்தைக் கேளுங்கள். தக்க விடை தரும் இடமே தகுந்த இடம்.

இன்றே தொடங்கலாம்

மாணவியரே, இதற்கெல்லாம் இன்னும் நாள் இருக்கிறதே என்று வாளா இராதீர்கள். உங்கள் வீட்டிற்கு அருகில் உள்ள ஓர் ஏரியைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெரியவர் ஒருவரின் துணையுடன் வாரம் ஒரு முறை கரையில் நின்று, நீர்மட்டம், கண்ட பறவைகள், கரையில் கொட்டிய குப்பை ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். கணக்கைக் கண்டு அஞ்சாதீர்கள். புள்ளியியல் இல்லாமல் இத்துறை இல்லை. ஓராண்டு முடிவில் அந்த நோட்டைப் புரட்டும்போது, உங்களுக்கே உரிய கேள்வி ஒன்று அதில் இருக்கும்.

பூநாரையைக் கண்டு கேள்வி கேட்ட அந்த மாணவி இப்போது அத்தகைய நோட்டு ஒன்றை வைத்திருக்கிறாள். அவளுடைய தாயாரும் ஞாயிறுதோறும் மாலையில் அவளுடன் ஏரிக்கரைக்குப் போய் வருகிறார். நம் பள்ளியிலிருந்து இன்னும் பலர் அவ்வழியே செல்ல வாழ்த்துகிறேன்.