கடைத்தெருவும் தேனடையும்: வாழிட வரைபடம் பற்றி ஓர் ஆய்வு

நகரம் என்றதும் கட்டடங்களையும் சாலைகளையும் எண்ணுவது நமது வழக்கம். ஆயின் மதிலிடுக்கு, ஓடைக்கரை, கைவிடப்பட்ட மனை, பள்ளித் தோட்டம் ஆகிய ஒவ்வொன்றும் சில உயிர்களின் உறைவிடமாகும். இவற்றை இனம் பிரித்து நிலப்படத்தில் குறிப்பதே வாழிட வரைபடம் எனப்படும். இதற்கு முன்னோடியாக மேற்கு பெர்லினைக் கூறலாம். மதிலால் சூழப்பட்டிருந்த அந்நகரில், ஹெர்பர்ட் சுக்கோப் முதலிய தாவரவியலார் போரில் இடிந்த மனைகளையும் வெறுமையான இருப்புப்பாதை நிலங்களையும் ஆராய்ந்தனர். 1952-இல் ரயில் போக்குவரத்து நின்றுபோன சூட்கெலெண்டே முற்றம், 2000-ஆம் ஆண்டில் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

இம்முறை பெருநகரங்களுக்கு மட்டுமே உரியதன்று. இடுக்கி மாவட்டத்து வண்டன்மேடு சட்டப்படி ஓர் ஊராட்சியே. எனினும் ஏலக்காய் வாணிகத்தால் வளர்ந்த கடைத்தெரு அதற்கு உண்டு. அருகிலுள்ள புற்றடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் பூங்காவும் அமைந்துள்ளது. இங்கு ஒரு மரத்தை வெட்டும்போது கணக்கில் ஏறுவது அதன் தடியின் விலை மட்டுமே. பொருளாதார மாணவர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது.

ஏலப்பூ செடியின் அடியில் சரங்களாக மலர்கிறது. ஒரு பூவின் ஆயுள் ஏறத்தாழ ஒரு நாள்தான். அதற்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிடில் காய் பிடிப்பது அரிது. இப்பணியைப் பெரிதும் ஆற்றுபவை மலைத்தேனீயும் அடுக்குத் தேனீயும் ஆகும். மலைத்தேனீ உயர்ந்த மரக்கிளைகளில் திறந்தவெளியில் அடை கட்டும். பருவந்தோறும் இடம்பெயர்ந்து, பழைய மரத்திற்கே மீண்டும் வருவதுண்டு. எனவே கடைத்தெரு ஓரத்து மரம் சாலை விரிவுக்காக வீழ்த்தப்பட்டால், இழப்பு அம்மரத்தின் உரிமையாளரோடு நிற்பதில்லை. சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தோட்டக்காரரின் விளைச்சலையும் அது தொடக்கூடும். அவருக்கோ அந்த மரம் இருந்ததே தெரியாது! சந்தை விலையில் அடங்காத இத்தகைய விளைவையே பொருளியலார் புறவிளைவு என்பர். பூச்சிமருந்துத் தெளிப்பும் இதே கணக்கில் சேர்வதுதான்.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும். பெயர்ப்பட்டியலாக மட்டும் அமையும் பதிவேட்டால் பயன் குறைவு. எந்த மரத்தில் அடை, எந்த ஓடையில் கோடையிலும் நீர் என்பது வரைபடத்தில் புள்ளியாக விழுந்தால்தான், சாலைத் திட்டம் வகுக்கும் பொறியாளர் அதனைக் காண்பார். மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் பள்ளி மாணவர்களைக் கொண்டே இதனைச் செய்யலாம். பெரிய செலவு ஏதுமில்லை.

இதில் பலரும் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. ஏலத் தோட்டங்களில் உழைப்போரில் கணிசமானோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கம்பமெட்டு வழியாக ஜீப்புகளில் வந்து திரும்பும் தமிழ்த் தொழிலாளர்கள். நிழல் மரங்களைக் கவாத்துச் செய்வோருக்கு அடை கட்டும் கிளை எதுவெனத் தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் இவ்வூர் வாக்காளர்கள் அல்லர். கிராமசபையில் அவர்களைக் காண இயலாது. விவரம் திரட்டச் செல்லும் அலுவலர், காலையில் ஜீப்புகள் வந்து நிற்கும் வேளையில் அங்கே இருத்தல் நலம்.