பல இனத்தார் கூடும் இடத்தில் நாம்

சிங்கப்பூரில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதி மூன்று சந்தேகங்களைக் கேட்டிருக்கிறார். அந்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் 1997-ஆம் ஆண்டிலிருந்து ஜூலை 21-ஐ ஒட்டி இன நல்லிணக்க நாள் கொண்டாடப்படுகிறது. அன்று பிள்ளைகள் தங்கள் இன உடையிலோ, மற்ற இனத்தாரின் உடையிலோ வருவது வழக்கம். நாலாம் வகுப்பில் படிக்கும் இவருடைய மகள் சீனத் தோழியின் சியோங்சாமை உடுத்திப் போக ஆசைப்படுகிறாள். தோழிக்கு இவளுடைய பாவாடை சட்டை மேல் கண். “கூடவே கூடாது” என்கிறார் மாமியார். “அதனால் என்ன?” என்கிறார் வீட்டுக்காரர். இது முதல் சந்தேகம். அன்று நடக்கும் கோலப் போட்டியில் பிள்ளை சேரலாமா என்பது இரண்டாவது. ரமலானில் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சவும் பங்கிடவும் பிற சமயத்துத் தொண்டர்கள் கேட்டு வந்தால் சேர்த்துக் கொள்ளலாமா என்பது மூன்றாவது.

பதில் சொல்லுமுன் அந்த ஜூலை 21 எங்கிருந்து வந்தது என்பதை நம் இல்லங்களில் அறிந்திருக்க வேண்டும். அது நம்மோடு தொடர்பில்லாத தேதி அன்று. 1964-ஆம் ஆண்டு அதே நாளில், சிங்கப்பூர் மலேசியாவுடன் இணைந்திருந்த காலத்தில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்த நாள் ஊர்வலம் பாடாங் திடலிலிருந்து கேலாங் நோக்கிப் புறப்பட்டது. வழியில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கலவரம் மூண்டது. 23 உயிர்கள் போயின. 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் மூண்டு மேலும் 13 பேர் மாண்டனர். முதல் கல்லை எறிந்தவர் யார் என்ற வழக்குக்குள் நாம் போகவில்லை. ரஹ்மத்தாக அனுப்பப்பட்ட நபியின் பெயரால் புறப்பட்ட ஊர்வலத்து நாளில் இது நடந்தது என்பதே நெஞ்சைச் சுடுகிறது. அதன் பிறகு தொகுதிதோறும் எல்லா இனத்துப் பெரியவர்களையும் கொண்ட நல்லெண்ணக் குழுக்கள் அமைந்தன. வீடு வீடாகச் சென்று வதந்தியை அடக்குவதும், அஞ்சியவர்களுக்குத் தைரியம் சொல்வதும் அவர்களுடைய தொண்டாயிருந்தது. ஆகவே அந்நாளைப் பிள்ளைகளின் வேடிக்கை என்று மட்டும் எண்ணி ஒதுக்கிவிடக் கூடாது.

இனி உடைக்கு வருவோம். ஒரு கூட்டத்தாருக்கு ஒப்பாக நடப்பவர் அவர்களைச் சேர்ந்தவரே என்ற கருத்தில் அபூதாவூதில் வரும் ஹதீஸை மாமியார் மனத்தில் வைத்திருக்கக் கூடும். அவருடைய பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்த ஹதீஸின் அளவை அறிந்தே அதைப் பயன்படுத்த வேண்டும். தபூக் பயணத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்து ஜுப்பா அணிந்திருந்தார்கள். அதன் கை மிகக் குறுகலாயிருந்ததால் உளூவின்போது கையை மேலே சுருட்ட முடியாமல், உள்ளிருந்தே கையை வெளியே எடுத்துக் கழுவினார்கள் என்று புகாரியில் வருகிறது. அன்று ஷாம் ரோமர்களின் ஆட்சியில் இருந்த நாடு. திர்மிதியின் அறிவிப்பில் ரூமி ஜுப்பா என்றே வருகிறது. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் ஆணி அடித்த செருப்பு அணிந்திருந்தபோது, இது துறவிகளின் செருப்புக்கு ஒப்பாகாதா என்று ஒருவர் கேட்டாராம். அதற்கு இமாமவர்கள், துறவிகள் அணிகிற ரோமச் செருப்பை நபியவர்களே அணிந்தார்களே என்று பதில் தந்ததை இப்னு ஆபிதீன் (ரஹ்) எடுத்தெழுதுகிறார்கள். மற்றவர்களின் மார்க்கச் சின்னத்தை அணிவது வேறு. ஒரு நாட்டாரின் ஆடையை அணிவது வேறு. சிலுவை, பூணூல், பூஜைக்குரிய அடையாளங்கள் முதல் வகை. சியோங்சாம் சீனத்து ஆடைதான்; சீன முஸ்லிம் பெண்களுக்கும் அது சொந்த ஊர் உடையே.

எனவே மகள் அணியலாம். பக்கவாட்டில் கிழிசல் விட்டுத் தைத்ததாயிருந்தால் உள்ளே நீளக் காற்சட்டை போட்டுவிடுங்கள். பருவமடையாத பிள்ளைதான் என்றாலும் பழக்கம் இப்போதே வர வேண்டும். தோழி உங்கள் வீட்டுப் பாவாடையை உடுத்தும்போது அதை நன்றாகத் துவைத்துத் தேய்த்துக் கொடுங்கள். இது மஸ்அலா அல்ல, என் ஆசை.

மற்றவர்களின் கலையைக் காண்பது பற்றியும் சகோதரி ஓரிடத்தில் தயங்கியிருக்கிறார். பெருநாளன்று ஹபஷா நாட்டவர் மஸ்ஜிதுந் நபவியிலேயே ஈட்டியும் கேடயமும் கொண்டு விளையாடினார்கள். உமர் (ரலி) அவர்கள் அவர்களை விரட்டச் சிறுகற்களை எடுத்தபோது, விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும் மட்டும் நின்று பார்க்கவும் இடம் கொடுத்தார்கள். அரபிகள் நிறைந்த ஊரில், அரபிகளின் மஸ்ஜிதில், ஆப்பிரிக்கர்களின் ஆட்டம்! மனிதரை இனங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்து கொள்ளவே என்று திருமறை (49:13) கூறுவதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

கோலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புள்ளியும் கோடும் பூவும் இலையுமாயிருந்தால் குற்றமில்லை. தெய்வ உருவோ, பூஜைக்கென வரைவதோ ஆனால் பிள்ளை விலகிக்கொள்ளட்டும். ஆசிரியையிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிட்டால் அங்கே யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

மூன்றாவது சந்தேகம்தான் ஆழமானது. நம் முன்னோர் அங்கே எப்படிக் குடியேறினார்கள் என்று பாருங்கள். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற மரைக்காயர்கள் சவுத் பிரிட்ஜ் சாலையில் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளிக்குப் பக்கத்திலேயே மாரியம்மன் கோவில். தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே எழுந்த நாகூர் தர்கா கட்டடத்தின் அருகே சீனர்களின் தியான் ஹொக் கெங் கோவில். அந்தத் தர்கா கட்டடம் 2011-இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. வாசல்கள் அவ்வளவு நெருங்கிய ஊரில் கஞ்சிப் பானைக்கு வேலி போட முடியுமா?

பிற சமயத்தவர் கை பட்டால் உணவு அசுத்தமாகாது. பயணத்தில் தண்ணீரின்றித் தவித்தபோது இணைவைக்கும் ஒரு பெண்ணின் தோற்பையிலிருந்த நீரை நபியவர்களும் தோழர்களும் பயன்படுத்திய செய்தி புகாரியில் உண்டு. ஆகவே அவர்கள் வெங்காயம் நறுக்கட்டும், பானையைத் துழாவட்டும், வரிசையில் நின்று வழங்கட்டும். இறைச்சி ஹலாலா என்பதை மட்டும் நம்மவர் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நுபுவ்வத்துக்கு முன் மக்காவில், அநீதி இழைக்கப்பட்டவருக்கு உதவ ஏற்பட்ட ‘ஹில்ஃபுல் ஃபுளூல்’ உடன்படிக்கைக்கு மீண்டும் அழைத்தாலும் வருவேன் என்று பின்னாளில் நபியவர்கள் சொன்னதை நினைவு கொள்க. அதில் கூடியிருந்தவர்கள் முஸ்லிம்கள் அல்லர்.

இங்கே நிர்வாகிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு, பலரும் தவறவிடுகிறார்கள். கஞ்சிக்கு வந்த பணம் எவ்வகையைச் சேர்ந்தது? ஜகாத் பணத்தைப் பிற சமயத்தாருக்குச் செலவிடக் கூடாதென்பதே பெரும்பான்மை இமாம்களின் முடிவு. ஸதகாவுக்கு அந்தத் தடையில்லை. நோன்பாளிக்கென்றே ஒருவர் குறித்துக் கொடுத்திருந்தால் அவருடைய சம்மதம் தேவை. ரமலானுக்கு முன்பே பலகையில் எழுதி, ‘அக்கம்பக்கத்தார் அனைவருக்கும்’ என்று அறிவித்துப் பணம் திரட்டினால் பிரச்சினையே எழாது.

அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்புவது பற்றி: அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூதரான அண்டை வீட்டாருக்கு அனுப்பினீர்களா என்று இருமுறை கேட்டார்கள். உங்கள் மாடியில் சைவம் உண்ணும் இந்துக் குடும்பம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கைமா சேர்க்குமுன் ஒரு சட்டி கஞ்சியைத் தனியே எடுத்து வையுங்கள். அதற்கு அகப்பையும் வேறாயிருக்கட்டும்.