இனாம்காவ் உழவர்கள்

மகாராட்டிர மாநிலத்தில், புணே நகருக்குக் கிழக்கே, கோட் ஆற்றங்கரையில் இனாம்காவ் என்னும் சிற்றூர் உள்ளது. புணே தக்காணக் கல்லூரி அறிஞர்கள் 1968 முதல் 1983 வரை இங்கு அகழாய்வு செய்தனர். ஏறத்தாழ கி.மு. 1600 முதல் கி.மு. 700 வரை இங்கே உழவர்கள் வாழ்ந்தனர் என்பதை அவர்கள் கண்டறிந்தனர். அவ்வுழவர்கள் கல்லாலும் செம்பாலும் ஆன கருவிகளைக் கையாண்டனர். அவர்கள் எழுதிவைத்த குறிப்பு எதுவும் இல்லை.

எழுத்தில்லாத மக்களின் வாழ்வை அறிவது எவ்வாறு? மரக்கம்பம் மக்கிப்போனாலும், அது நின்ற குழியில் மண்ணின் நிறம் வேறுபட்டிருக்கும். அக்குழிகளின் வரிசை வீட்டின் வடிவத்தைக் காட்டும். தீயில் கருகிய தானியம் எளிதில் மக்காது. அது மக்கள் உண்ட உணவைக் காட்டும்.

இச்சான்றுகள் இனாம்காவில் நேர்ந்த பெரிய மாற்றம் ஒன்றைத் தெரிவிக்கின்றன. தொடக்கத்தில் வீடுகள் பெரியனவாக, செவ்வக வடிவில் அமைந்திருந்தன. ஆற்றுநீரைக் கொணரக் கால்வாய் வெட்டப்பட்டிருந்தது. கோதுமையும் வாற்கோதுமையும் பயறு வகைகளும் விளைந்தன. கி.மு. 1000 அளவில் மழை குறைந்தது என அறிஞர் கருதுவர். அதன்பின் கோதுமை அருகியது. வறட்சியைத் தாங்கும் வாற்கோதுமை நிலைத்தது. மக்கள் வேட்டையை மிகுதியாக நாடினர். பெரிய வீடுகள் இருந்த ஊரில் சிறிய வட்டக் குடிசைகள் எழுந்தன.

இவ்வாறு உணவையும் உறைவிடத்தையும் மாற்றிக்கொண்டு, அவர்கள் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தனர். இறந்த குழந்தைகளைப் பானைகளில் இட்டு, தம் வீட்டுத் தரையின் கீழேயே புதைப்பது அவர்கள் வழக்கம். அத்தகைய வீடுகளையும் விட்டு, கி.மு. 700 அளவில் அவர்கள் அகன்றனர். கூரைகள் வீழ்ந்தன, மண் மூடியது. கம்பக் குழிகளும் கருகிய தானியங்களும் அவர்களின் வரலாற்றைக் காத்து வைத்தன.

சொற்பொருள்
அகழாய்வு – நிலத்தைத் தோண்டிப் பழம்பொருள்களை ஆராய்தல்
வாற்கோதுமை – பார்லி
அருகுதல் – குறைதல்
உறைவிடம் – வாழும் இடம்

பயிற்சி
1. கம்பக் குழியால் அறியப்படுவது யாது?
2. மழை குறைந்தபின் இனாம்காவ் மக்களின் வாழ்வில் நேர்ந்த மாற்றங்கள் இரண்டினை எழுதுக.
3. பிரித்து எழுதுக: ஆற்றங்கரை, உறைவிடம்.
4. சொந்த ஊரைவிட்டு வந்தபின் உம் வீட்டு உணவில் மாறியது எது, மாறாதது எது? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.